திரும்பிக் கிடந்த இலை

கிறிஸ்துமஸ் விருந்துக்கு எங்கள் வீட்டு மேசையை நான்தான் அலங்கரிப்பேன். வேறு யாரையும் கிட்டே விடமாட்டேன். சாப்பாட்டு மேசை பத்தாது என்று மகன் படித்த மேசையையும் இழுத்து ஒட்டிப் போட்டு, இடைவெளி தெரியாமல் என் சிவப்புக் கண்டாங்கிச் சேலையை விரிப்பேன். சூடாக இறக்கும் சட்டிகளுக்கு அடியில், வீட்டுக்குத் தரை போட்டபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கல். நடுவில் பித்தளைக் கிண்ணங்களில் செவ்வந்தி. தட்டு கிடையாது, வாழை இலைதான். சிவப்பின் மேல் அந்தப் பச்சை விழுந்தாலே வீட்டுக்குப் பண்டிகைக் களை வந்துவிடும்.

போன வருஷம் அத்தனை அலங்காரமும் ஒரே ஒரு நாற்காலிக்காகத்தான். பக்கவாதம் வந்து என் கணவருக்கு வலது கை விளங்காமல் போயிருந்தது. ஈஸ்டர் அன்று சொந்தக்காரர்கள் முன்னால் அந்தக் கையாலேயே சாப்பிடப் பார்த்து, சோறு சட்டையெல்லாம் சிந்தியது. அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், ஐயோ தம்பி என்று ஓடி வந்து வாயைத் துடைத்துவிட்டார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு உள் அறையில்தான் சாப்பாடு. நான் கரண்டியால் ஊட்டுவேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு விழுங்குவார். கிறிஸ்துமஸுக்காவது மனுஷர் எல்லாரோடும் உட்கார வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். வருவீகளா என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இருந்தாலும் மேசையின் தலைப்பக்கத்தில் அவருக்கு இலை போட்டேன்.

காலைப் பூசைக்கே வந்துவிட்ட நாத்தனார், அந்த இலையைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"அவனுக்கு உள்ளயே குடுத்துரு. நாலு பேரு பாக்க அவன எதுக்குப் பாடாப் படுத்துற?"

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். பதில் சொன்னால் பண்டிகை நாளும் அதுவுமாகச் சண்டையில் போய் முடியும்.

கறியைக் கிளறிவிட்டு வந்து பார்த்தால், என் கணவர் இடத்து டம்ளர் வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம்தான் வைத்தேன், எனக்கு நன்றாக ஞாபகம். நாத்தனார் அப்போதுதான் கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போனார். சரி, கை பட்டிருக்கும் என்று டம்ளரை மாற்றி வைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுப்படியில் நின்றாலும் காது கூடத்தில்தான் இருந்தது.

மறுபடி வந்தபோது இலையே திரும்பிக் கிடந்தது. மற்ற இலைகளுக்கெல்லாம் நுனி இடப்பக்கம், அவர் இலைக்கு மட்டும் வலப்பக்கம். டம்ளரும் பழையபடி வலப்பக்கம். நல்ல நாளில் யாராவது இப்படி இலை போடுவார்களா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தம்பி இந்த மேசைக்கு வரக் கூடாது, அவ்வளவுதானே இந்த அம்மாவுக்கு! இலையை நேராக்கிவிட்டு, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றேன்.

வாசலிலிருந்து யாரும் வரவில்லை. உள் அறைப் பக்கம்தான் காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது.

அவர்தான். மேசையைப் பிடித்து நின்று, இடது கையால் டம்ளரை வலப்பக்கம் தள்ளினார். இலையைக் கிழியாமல் மெல்லச் சுற்றித் திருப்பினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் இலையில் இடது கையை வைத்துப் பிசைந்து, உருட்டி, வாய்வரை கொண்டுபோனார். திரும்பவும் செய்து பார்த்தார். வெறும் கைதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே போகவில்லை. அவர் எழுந்து அறைக்குள் போனதும் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

பந்திக்கு எல்லாரும் உட்காரும்போது அவரும் வந்து உட்கார்ந்தார். நாத்தனார் கண்ணுக்கு உடனே பட்டுவிட்டது.

"இலைய யாரு இப்புடி மாத்திப் போட்டது?" என்று கையை நீட்டினார்.

"நாந்தான் மதினி. அது அப்புடியே கெடக்கட்டும்."

இவளுக்கு என்ன ஆச்சு என்பதுபோல் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டுமே. கணவருக்கு மட்டும் சோறும் கறியும் இடது கைக்கு வாகாகப் பக்கம் மாற்றிப் பரிமாறினேன். இடது கையால் பிசைந்தார். கொஞ்சம் சிந்தியது. நாத்தனார் எழப் போனார். பிரியாணிச் சட்டியோடு குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் வையி," என்றார்.