பூட்டு அண்ணனின் கடைசிப் பேப்பர்

கல்லூரி வாசல் காவலாளிக்கு மாணவர்கள் வைத்த பெயர் பூட்டு அண்ணன். பரீட்சை நாளில் மணி அடித்த கையோடு இரும்புக் கேட்டைச் சாத்திவிடுவார். அழுதாலும் கெஞ்சினாலும் திறக்க மாட்டார். அவர் கைவசம் அதிகாரம் என்று இருந்ததே அந்த ஒரு தாழ்ப்பாள்தான். அதைத் துருப்பிடிக்க விடலாமா?

அவரே ஒருநாள் அதே கல்லூரியின் தொலைதூரக் கல்விப் பிரிவில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தார். வகுப்புக்கு வராமலே படிக்கலாம் என்றார்கள். பாதி ஆயுளை வகுப்பறைக்கு வெளியிலேயே கழித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு ஏது? எடுத்த பாடம் பொது நிர்வாகம். "காபி வேணுமான்னு கேட்டா இப்பல்லாம் முன்னுரை, முடிவுரையோட பதில் வருது" என்று மனைவி அக்கம்பக்கத்தில் அலுத்துக்கொண்டார். அலுப்பில் பாதி பெருமை.

கல்லூரி அலுவலகத்தில் உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்குப் பட்டம் வேண்டும். வயது வரம்போ அந்த வருடத்தோடு சரி. அவருக்கு மிச்சம் ஒரே ஒரு பேப்பர். கோட்டை விட்டால் ஓய்வு பெறும்வரை வாசல் ஸ்டூல்தான்.

பரீட்சையன்று தன் இடத்தில் மச்சினனை நிறுத்தினார். அவனும் காவலாளிதான், வேறொரு கட்டடத்தில்.

"மணி அடிச்சா சாத்திடணும் மாப்ளே. எவன் வந்தாலும் சரி."

"எவன் வந்தாலுமா மச்சான்?"

"கல்லூரி முதல்வரே வந்தாலும்."

வாசலில் உட்கார்ந்தால் ஆளாளுக்கு வழி கேட்பார்கள் என்று எதிர் டீக்கடையில் போய்ப் புத்தகத்தைப் பிரித்தார். படிப்பில் ஆழ்ந்துவிட்டார். மணிச் சத்தம் நன்றாகவே கேட்டது. 'பரவாயில்லை, பய சரியா சாத்திட்டான்' என்று திருப்தியாகப் பக்கத்தைத் திருப்பினார். அப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டது.

ஓடினார். கேட்டுக்கு வெளியே ஏற்கனவே ஒரு நர்ஸ் நின்றிருந்தார். டூட்டி முடிந்த கையோடு யூனிஃபார்மிலேயே பரீட்சை எழுத வந்திருந்தார்.

"திறடா!"

"மணி அடிச்சாச்சு மச்சான்."

"டேய், நான்டா!"

"அது தெரியுது. நீங்க முதல்வரைவிடப் பெரிய ஆளான்னுதான் யோசிக்கிறேன்."

"அரை மணி நேரம் லேட்டானாலும் ஹால்ல விடுவாங்கடா. ஞாயித்துக்கிழமை தொடர்பு வகுப்புல வாத்தியாரே சொன்னார், நான் என் காதால கேட்டேன்."

நர்ஸ் மெதுவாகச் சொன்னார்: "போன வருஷம் இதே இடத்துல நின்னு நானும் இதைத்தான் சொன்னேன். 'இந்தக் கதையெல்லாம் வேற எங்கயாவது போய் விடும்மா'ன்னீங்க."

பூட்டு அண்ணன் கேட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தார். வாத்தியார் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர்தான். ஆனால் மாணவன் காதில் விழுந்தது காவலாளி காதுக்கு எட்டவில்லை. மணி அடித்ததும் சாத்து என்று அவரிடம் யாருமே சொன்னதில்லை. அந்த விதியைப் போட்டது அவரேதான். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள்தான் எப்போதும் தாமதமாக வருவார்கள். அவர்களில் எத்தனை பேர் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று திரும்பிப் போனார்களோ.

"அம்மா, நான்..."

"சார், நேரமாகுது. பரீட்சையை எழுதிட்டு வந்து வெட்கப்படுங்க."

மச்சினன் திறந்தான். பூட்டு அண்ணன் ஒதுங்கி நின்று நர்ஸை முன்னால் போகவிட்டார். போகிற போக்கில் திரும்பி, "அரை மணி வரைக்கும் திறந்தே வை மாப்ளே" என்றார்.

தேறினாரா என்றுதானே கேட்கிறீர்கள்? தேறினார். இரண்டு பேருமே. இன்று அவர் தொலைதூரக் கல்விப் பிரிவின் ஜன்னலுக்குப் பின்னால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். தாழ்ப்பாள் போய் ரப்பர் ஸ்டாம்ப் வந்திருக்கிறது.

போன வாரம் மேஸ்திரி ஒருவர், சட்டையில் சிமெண்ட் தூளோடு, விண்ணப்பத்தை நீட்டினார்.

"கடைசித் தேதி நேத்தோட முடிஞ்சு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க. அது நிஜமாவே கடைசியான்னு உள்ள கேட்டுட்டு வர்றேன்."

எழுந்து போனார். உள்ளே மேலதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றைக்கு இது எத்தனையாவது தடவையோ.