பழுத்த புழுவுக்குத் தெரிந்தது

முடக்குவாத ஆய்வுக்காகத் தருமபுரியில் ரத்தம் சேகரித்தபோது, இண்டூரில் பட்டுப்புழு வளர்க்கும் ஒரு பெண்மணி வந்தார். பேசும்போதெல்லாம் வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார்.

“மூட்டுக்குள்ள செல்லெல்லாம் அளவில்லாம வளருதுங்க. அதை அடக்குற மைக்ரோ ஆர்என்ஏங்கற சின்ன மூலக்கூறு ரத்தத்துல கொறஞ்சிருக்கான்னு பார்க்கணும்,” என்றேன்.

“எங்க புழு பழுத்து, கூடு கட்டுற பக்குவத்துக்கு வந்துட்டா, மல்பெரித் தழையைக் கொட்டுனாலும் திங்காதுங்க. அதுக்குப் போதும்னு சொல்றது எதுங்க? அதையே என் வெரலுக்குக் குடுக்க முடியாதுங்களா? அடுத்த பேட்ச் புழு வருது, தழை ஒடிக்க முடியலைங்க.”

புழுவுக்குப் போதும் என்று சொல்வதும் செல்லை அடக்குவதும் ஒன்றா என்றே எனக்குத் தெரியவில்லை. குழம்பிப்போய்ச் சம்மதப் படிவத்தை நீட்டினேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்தான். பேனாவைப் பிடிக்க முடியாமல் கைநாட்டு வைத்தார்.

பிறகுதான் கவனித்தேன். ‘என் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்தது’ என்ற வரிக்குக் கீழே இருந்தது அந்த ரேகை.