முகைதீன் பாயின் பீர் டைரி

ஸ்ரீவில்லிபுத்தூர் சேக் முகைதீனுக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது. இன்று வரை ஒரு சொட்டு பீர் அவர் நாக்கில் பட்டதில்லை. ஆனால் இங்கிருந்து ராஜபாளையம் வரை சலித்துப் பார்த்தாலும் பீரைப் பற்றி அவரளவுக்கு விவரம் தெரிந்த ஆள் கிடைக்க மாட்டார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவருடைய வேனில் ஒருமுறை போய்வந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பன்னிரண்டு பேர் உட்காரும் வெள்ளை வேன். சொந்த வண்டி, சொந்தச் சட்டம். குடித்துவிட்டு ஏறலாம், ஏறிய பிறகு குடிக்கக் கூடாது. பாட்டில் உள்ளே வந்தால் முகைதீன் சாவியோடு வெளியே போய்விடுவார். தொழுகை நேரத்துக்கு வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். இத்தனைக்கும் தலையாட்டிக்கொண்டுதான் ஆண்கள் கூட்டம் அவரைத் தேடி வரும். வேறு வழி கிடையாது. வேறு எந்த வண்டி என்றாலும் வீட்டுப் பெண்கள் விடமாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் குற்றாலத்தில் ஒருவர் போதையில் படிக்கட்டில் உருண்டு பல்லை உடைத்துக்கொண்டார். அவர் மனைவி போனில் கூப்பிட்டு, "அவிய எப்படி இருக்காவ?" என்று கேட்டதும் கூட வந்தவர்கள் எல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். முகைதீன் போனை வாங்கினார். "ரெண்டு பல்லு போச்சு, தங்கச்சி. குடிச்சிருந்தாவ. உசிருக்கு ஒண்ணுமில்ல. நாளைக்குக் கொண்டாந்து சேத்துருதேன்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். பல் போனவர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து பெண்கள் மத்தியில் முகைதீன் பாய் சொன்னால் சொன்னதுதான். "பாய் வண்டியா? அப்பச் சரி, போயிட்டு வாங்க" என்பார்கள். அந்தப் பெயரில்தான் அவர் வண்டி ஓடுகிறது.

சரி, குடிக்காதவருக்குப் பீர் எப்படித் தெரியும்? அதற்குக் காரணம் தங்கப்பாண்டியன்.

தங்கப்பாண்டியன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர். நட்டையும் போல்ட்டையும் எண்ணி எண்ணிக் கொடுத்துப் பழகியவர், வீட்டில் வார்த்தையையும் அப்படித்தான் கொடுப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரும் எலக்ட்ரீசியன் சாம்சனும் ஃபிட்டர் சுப்புராஜும் ஒரு மெஷின் பார்க்க முகைதீன் வண்டியில் மைசூர் போனார்கள். வேலை முடிந்ததும் ஒரு கடைக்குள் நுழைந்தார்கள். பீரை அந்தக் கடையிலேயே, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பெரிய பெரிய அண்டாவில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். முகைதீன் ஜன்னலோரம் எலுமிச்சை சோடாவோடு உட்கார்ந்தார்.

முதல் கிளாஸ் இறங்கியதும் தங்கப்பாண்டியன் விளக்கம் சொன்னார். "பாய், நம்மூர்ல விக்கிறது மில்லுத் துணி. எங்க எடுத்தாலும் ஒரே நெசவு. இது கைத்தறி. கடைக்குக் கடை கைப்பக்குவம் மாறும்."

அன்று முதல் அந்தக் கூட்டத்துக்குள் அதன் பெயர் கைத்தறி பீர். அதன் பிறகு என்ன மாயமோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மில் வேலை அந்தத் திசையிலேயே வந்தது.

முகைதீனிடம் உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி ஒன்று உண்டு. முன்பக்கத்திலிருந்து வண்டி விவரம் எழுதுவார்: எந்த மலையில் எந்த வளைவு மோசம், எங்கே கழிப்பறை சுத்தம். பின்பக்கத்திலிருந்து டைரியைத் தலைகீழாகத் திருப்பிப் பீர் விவரம். ருசி தெரியாது, அதனால் எந்தப் பீர் யாரை என்ன செய்தது என்று எழுதினார். கோதுமை பீர்: சாம்சன் எல்லோருக்கும் முத்தம். மாம்பழ பீர்: வீண், ஒருத்தரும் ரெண்டாவது கேக்கல. கறுப்பு பீர்: சுப்புராஜ் தமிழை மறந்து தெலுங்கு மட்டும். இப்படி இரண்டு வருடத்தில் நாற்பது பக்கம் நிறைந்துவிட்டது.

அவர் மனைவி அசீனாவுக்கு அது நல்ல வேடிக்கை. "குடிக்காத மனுசன் குடிகாரனுக்கெல்லாம் மார்க்கு போடுதீய" என்பாள்.

"மார்க்கு குடிகாரனுக்கில்ல, கடைக்கு" என்பார் முகைதீன்.

இந்த மாதக் கடைசியில் தங்கப்பாண்டியன் ஓய்வு பெறுகிறார். இனி மில் வேலை என்று சொல்லிக்கொண்டு கிளம்ப முடியாது. அதனால் முழுசாக, முறையாக ஒரே ஒரு பயணம். நாலு நாள், மலையும் பீரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் முகைதீன் வீட்டு வாசலில் கூடி, வண்டி பானெட் மேல் தென்னிந்திய வரைபடத்தை விரித்தார்கள். சாம்சனுக்கு அருவி வேண்டும். சுப்புராஜுக்கு யானை வேண்டும். தங்கப்பாண்டியன் மைசூர் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து அப்படியே நின்றார்.

முகைதீன் பென்சிலை எடுத்தார். "மொத ரெண்டு நாளு கண்ணுக்கு, அடுத்த ரெண்டு நாளு தொண்டைக்கு. தேனி, போடிமெட்டு, மூணாறு. அங்க ராத்தங்கல். மறுநா மறையூர் இறங்கி உடுமலை, பொறவு ஊட்டி. மூணாம் நாளு காலையில கூடலூர் வழியா காடு. பொழுது சாஞ்சா காட்டுக்குள்ள விடமாட்டான், அதனால நேரத்தோட கெளம்பணும். யானை நின்னா நிக்கும், நான் கேரண்டி தரமாட்டேன்."

"பீரு?" என்றார் சுப்புராஜ்.

"மைசூர்ல ஒரு கடை, பெங்களூர்ல ரெண்டு. மொதல்ல கோதுமை, கடைசியில கறுப்பு. கறுப்ப மொதல்ல ஊத்துனா சாம்சன வண்டியில ஏத்த நாலு ஆளு வேணும். நம்மகிட்ட மூணு பேருதான்."

சாம்சனே ஒத்துக்கொண்டார். திட்டம் பிரமாதம். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கிளம்புவதற்கு முன் தங்கப்பாண்டியனின் மனைவி மாரீஸ்வரி முகைதீனை வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, எத்தனை மணிக்கு எங்கே என்று வரிசையாகக் கேட்பாள். ஒவ்வொரு பயணத்துக்கும் அதுதான் வழக்கம். மில் வேலை என்றால் இரண்டு கேள்வியோடு விட்டுவிடுவாள். இது நாலு நாள் ஊர்சுற்றல்.

"மலையும் அருவியும் மட்டும் சொல்லுங்க, பாய்" என்று தங்கப்பாண்டியன் கெஞ்சினார். "பீருன்னு தெரிஞ்சா விடமாட்டா. இத விட்டா எனக்கு வேற பயணம் இல்ல."

"பொய் சொல்ல மாட்டேன், அண்ணாச்சி."

"பொய்யா சொல்லச் சொன்னேன்? பாதி சொல்லுங்க."

முகைதீன் தலையைச் சொறிந்தார். ஒரு பொய் சொன்னால் இத்தனை வருடப் பெயர் போகும். உண்மையைச் சொன்னால் நண்பரின் ஆசை போகும். துணி உலர்த்திக்கொண்டிருந்த அசீனாதான் வழி சொன்னாள். "வாயத் தொறந்தா உண்மைதான் வரும் உங்களுக்கு. ரெண்டு நாளு மலைய வெவரமா தாள்ல எழுதி நீட்டிருங்க. மத்த ரெண்டு நாளுக்கு ஊரு பேரு போதும். காபியக் குடிச்சமா, எந்திச்சமான்னு வந்துருங்க."

நல்ல யோசனைதான். முகைதீன் டைரியில் வண்டி விவரம் முடிந்த இடத்துக்கு அடுத்த வெற்றுப் பக்கத்தில் முத்து முத்தாக எழுதி, அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தார். முன்னாலிருந்து வந்த எழுத்தும் பின்னாலிருந்து வந்த எழுத்தும் எங்கே சந்திக்கின்றன என்று அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

மாரீஸ்வரி சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பதிவேட்டில் முன்பக்கம் பார்த்தால் பின்பக்கமும் பார்த்துவிடுகிற பழக்கம். மறுநாள் காலையில் தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போடிமெட்டையும் மூணாறையும் நிதானமாகப் படித்தாள். தங்கப்பாண்டியன் எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முகைதீன் காபியை வாய் பொறுக்காத சூட்டிலேயே குடித்து முடித்துவிட்டார்.

"நல்லா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே அவள் தாளைத் திருப்பினாள். எழுத்து தலைகீழாக இருந்தது. தாளைச் சுற்றி நேராக்கிக்கொண்டாள். முகைதீனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மைசூர்க் கடை. கறுப்பு பீர்" என்று மாரீஸ்வரி சத்தமாகப் படித்தாள். "சாம்சன், ரெண்டாவது கிளாஸில் ஜெபம். மூன்றாவது கிளாஸில் வெயிட்டருக்கும் சேர்த்து ஜெபம். சுப்புராஜ், தெலுங்கு."

தங்கப்பாண்டியன் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். பயணம் போச்சு என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மாரீஸ்வரி அடுத்த வரியைச் சத்தமாகப் படிக்கவில்லை. மனசுக்குள் ஒருமுறை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை படித்தாள்.

"மூணு பாட்டா?" என்றாள்.

"பாய், உங்களத்தான் கேக்கேன். தங்கப்பாண்டியன், பாட்டு, மூணுன்னு எழுதிருக்கிய. நெசமா?"

"நெசந்தான், மதினி."

"நல்லாப் பாடுவாவளா?"

இதற்குப் பாதி பதில் சொல்ல முகைதீனுக்கு மனம் வரவில்லை. "சோடாவ அப்படியே வச்சிட்டு எந்திச்சிப் போயி பக்கத்துல நின்னு கேட்டேன், மதினி. கடையில இருந்த அம்புட்டுப் பேரும் கை தட்டுனாவ."

மாரீஸ்வரி தாளை மடியில் வைத்தாள். அவள் கத்தியிருந்தால் இரண்டு ஆண்களும் பிழைத்திருப்பார்கள். அவள் கத்தவில்லை. "கல்யாணமாயி முப்பத்தோரு வருசம். அடுப்படியில நான் தனியாப் பாடிக்கிட்டுக் கெடக்கேன். என்ன கேட்டாலும் எனக்கு ஒரு 'ம்'. கண்ணு காணாத ஊருல, எவம் எவனுக்கோ மூணு பாட்டு." பீர் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பாட்டுதான் வலித்தது.

தங்கப்பாண்டியன் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார். "நீ சிரிச்ச" என்றார்.

"நானா? எப்ப?"

"கல்யாணமான புதுசுல. குளிச்சிக்கிட்டே பாடுனேன். வெளிய நின்னு சிரிச்ச."

மாரீஸ்வரி கண்ணாடியைக் கழற்றினாள். "அதுக்கா? அட மனுசா! பாடத் தெரிஞ்ச மாப்பிள்ளை கெடைச்சிருக்கேன்னு சந்தோசத்துல சிரிச்சேன். பொறவு பாடுவிய பாடுவியன்னு எத்தன நா அந்தக் கதவுப் பக்கத்துலயே நின்னிருக்கேன் தெரியுமா?"

தங்கப்பாண்டியன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். முப்பத்தொரு வருடத்தை அந்த நாற்காலி நுனியில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது லேசான காரியமில்லை. முகைதீனுக்கு இருப்பதா எழுந்து போவதா என்று தெரியவில்லை. காலி டம்ளரை மறுபடியும் குடித்தார்.

மாரீஸ்வரி மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பாய், அந்த மைசூர்க் கடையில பொம்பளையாளுக உக்காரலாமா?"

"உக்காரலாம், மதினி. எலுமிச்ச சோடா ரொம்ப நல்லா இருக்கும்."

"அப்ப நானும் வாரேன். அசீனாவையும் கூட்டிட்டு வாங்க. இவிய என்னத்தையும் குடிச்சிட்டுப் போகட்டும்." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "ஆனா மைசூர் வரைக்கும் என்னால பொறுக்க முடியாது. இப்பப் பாடுங்க."

"இப்பவா? காலையிலயா? ஒண்ணும் குடிக்காமயா?"

"காபி குடிச்சீயள்ல?"

முகைதீன் மரியாதைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பி, அங்கே தொங்கிய காலண்டரை வெகு கவனமாகப் படித்தார். தங்கப்பாண்டியன் இருமினார். தொண்டையைச் செருமினார். கடைசியில் ஏதோ ஒரு பழைய பாட்டு, யாருக்கோ பயந்தது மாதிரி மெதுவாகக் கிளம்பியது. முதல் இரண்டு வரி நடுங்கியது. மூன்றாவது வரியில் குரல் நிலைப்பட்டது. நாலாவது வரியில் மாரீஸ்வரியின் குரலும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் முகைதீன் டைரியைத் தலைகீழாகத் திருப்பினார். பின்னால் நின்று அசீனா எட்டிப் பார்த்தாள். கிழிந்த பக்கத்துக்குப் பக்கத்தில் இடம் இல்லாததால், டைரி அட்டையின் உட்புறத்தில் அவர் எழுதினார்:

"ராஜபாளையம், தங்கப்பாண்டியன் வீடு. காபி, ஒரு டம்ளர். பாட்டு, ஒன்று. மைசூரை விட நன்றாக இருந்தது."