கவிச்சி தொடாத பிள்ளை

எங்கள் வீட்டில் மழைக்காலம் என்றால் உருளைக்கிழங்கு. மரக்காணத்தில் மழை இறங்கிவிட்டால் உப்பளத்துப் பாத்திகள் மூழ்கிப்போகும். பாத்தி காய்ந்து மறுபடி ஆள் கூப்பிடும்வரை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடையாது. அதே மழையில் படகுகளும் கரையிலேயே கிடக்கும், மீன் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஆகவே அம்மா முன்கூட்டியே அரை மூட்டை உருளைக்கிழங்கு வாங்கிக் கட்டிலுக்கடியில் பரப்பிவைத்துவிடுவாள்.

அதைச் சமைப்பதில் அம்மா கெட்டிக்காரி. வட்டமாக நறுக்கி, மீன் மசாலா தடவி, தோசைக்கல்லில் முறுக விட்டால் அது வஞ்சிரம். பூண்டும் வெந்தயமும் தாளித்துப் புளிக்குழம்பில் போட்டால் மீன் குழம்பு. இரண்டு கிழங்கை மசித்துவிட்டால் குழம்பு இன்னொரு வேளைக்கும் வரும். உப்புக்கு மட்டும் எங்கள் வீட்டில் என்றைக்கும் பஞ்சமில்லை.

சுனாமிக்கு அடுத்து வந்த மழைக்காலத்தில்தான் மாமாவுக்கு நாங்கள் விருந்து வைத்தோம். மாமா, அம்மாவின் தம்பி. புதுப்பெண்டாட்டி பிரம்மதேசத்துக்காரி, விவசாயக் குடும்பம். கல்யாணமான ஜோடிக்கு அக்கா வீட்டில் விருந்து போடாமல் இருக்க முடியுமா? அதுவும் கடலோரத்து வீட்டில் மீன் இல்லாமல்? ஊர் சிரிக்கும்.

அம்மா எங்கோ அலைந்து நாலு துண்டு மீன் கொண்டுவந்தாள். நாலும் விருந்தாளிகளுக்கு. மீதிக் குழம்பு முழுக்க உருளைக்கிழங்கு. வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவதாக அப்பா ஒப்புக்கொண்டார். என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய் அம்மா காதில் சொன்னாள்.

"அத்த உன்ன பக்கத்துல உக்கார வெச்சிக்குவா. மீன் வெச்சா, எனக்குப் புடிக்காது, உருளைக்கெழங்குதான் புடிக்கும்னு சொல்லு. என்னா, புரிஞ்சுதா?"

புரிந்தது, அளவுக்கு மேலேயே. மூன்றாம் வகுப்பு ஆண்டு விழாவில் நடித்துக் கைதட்டு வாங்கியவள் நான். அத்தை தன் இலையிலிருந்து ஒரு துண்டை என் பக்கம் நகர்த்தியதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"அய்யய்யோ, எனக்கு மீன் வாசனையே ஆவாதுங்க அத்த. கோழி, ஆடு எதுவும் தொட மாட்டேன். உருளைக்கெழங்குதான்!"

கோழியும் ஆடும் நானாகச் சேர்த்தவை. அம்மா சொல்லித் தந்ததில் அவை இல்லை.

சாப்பாடு முடிந்ததும், வேண்டாம் வேண்டாமென்று அம்மா தடுத்தும் கேட்காமல், அத்தை பாத்திரங்களை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குழம்புச் சட்டியைக் கரண்டியால் சுரண்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

காணும் பொங்கலுக்கு அத்தையின் தாய்வீட்டில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பிரம்மதேசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் நுழைந்ததுமே கோழிக் குழம்பு வாசனை வந்துவிட்டது. மாதக்கணக்கில் கிழங்கு தின்ற நாக்கு. நான் அம்மாவுக்கு முன்னால் நடந்தேன்.

கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். அத்தையின் அம்மா குழம்புச் சட்டியோடு என் இலைக்கு வந்தபோது அத்தை தடுத்தாள்.

"அதுக்கு வெக்காதம்மா, அது கவிச்சி தொடாது. நான் அதுக்குன்னே தனியா பண்ணியிருக்கேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் இலையில் ஒரு குன்று உருளைக்கிழங்கு வறுவல் வந்து இறங்கியது. இந்தப் பக்கம் அப்பா எலும்பு கடிக்கிறார், அந்தப் பக்கம் மாமா. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பார்வைக்குப் பயந்துதான் கையை வைத்தேன். கிழங்கைக் கலைத்தால் அடியில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது.

"ஐ, ஈரலு!"

கத்தியபிறகுதான் கத்தினேன் என்று தெரிந்தது. பந்தியே திரும்பிப் பார்த்தது. அத்தையின் அப்பா சிரித்தார்.

"ஏம்பா, கவிச்சி தொடாத புள்ளைக்கு அது ஈரல்னு எப்டி தெரிஞ்சுது?"

"கரண்டி மாறிடுச்சு போலப்பா" என்றாள் அத்தை அவசரமாக. "ஓரமா ஒதுக்கி வெச்சிடும்மா" என்றார் அத்தையின் அம்மா. ஒதுக்கி வைக்க எங்கே இருக்கிறது? அது என் வாய்க்குள் போய்விட்டிருந்தது. மென்றுகொண்டிருந்தேன்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "போடு, போடு, புள்ள நல்லா துன்னட்டும்" என்று அந்தப் பெரியவர் சொல்ல, என் இலை கோழிக்கறியால் நிறைந்தது. முகம் எரிந்தது. எங்காவது ஓடி ஒளியலாம் போலிருந்தது. இருந்தும் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அம்மா இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பஸ்ஸில் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். புதுச் சம்பந்தி வீட்டார் முன்னால் குட்டு உடைந்துபோன கோபம் என்று நினைத்துக்கொண்டேன். வெகு காலம் அப்படியேதான் நினைத்திருந்தேன்.

எந்தக் கரண்டி மாறினாலும், குழம்பிலிருக்கிற ஈரல் கிழங்கு வறுவலுக்கு மேலேதான் விழும், அடியில் போய் ஒளிந்துகொள்ளாது. இது நான் ஒரு வீட்டுக்குச் சமைக்கிறவளாக ஆனபிறகுதான் உறைத்தது. சட்டியைச் சுரண்டி, அதில் ஒரு மீன் முள்கூட இல்லாமல் வெறும் கிழங்கே கிடந்ததைப் பார்த்த அன்றே அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கள் பொய்யும் கலையக் கூடாது, என் வாய்க்கும் கறி கிடைக்க வேண்டும் என்று அவள்தான் அதை அடியில் வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு அது அந்தக் கணமே புரிந்திருக்கும். கூடத்தில் சிரித்தவர்களைப் பார்க்கக் கூசி அம்மா தலை குனியவில்லை. சிரிக்காமல் நின்றவள் ஒருத்தி இருந்தாள். அவள் முகத்தைத்தான் அம்மாவால் பார்க்க முடியவில்லை.