பெஞ்சில் விழுந்த குட்டு

நாளைய இங்கிலீஷ் பரீட்சைக்காக மகன் ‘ரன்’ என்ற சொல்லின் அர்த்தங்களை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வோர் அர்த்தத்துக்கும் விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு. அந்தச் சத்தம் என்னை ஏழாம் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது.

எங்கள் வாத்தியார் ஒரு சட்டம் வைத்திருந்தார். சரியான பதில் சொன்னவர், தெரியாமல் நிற்பவர்கள் தலையில் குட்ட வேண்டும். அன்றைக்கும் ‘ரன்’தான். ஓடுவதைத் தாண்டி யாருக்கும் தெரியவில்லை. அந்த வகுப்பில் காலனிப் பிள்ளை நான் ஒருத்திதான். எழுந்து சொன்னேன்: மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன், துவைக்கும்போது புடவைச் சாயம் இறங்கினாலும் ரன்.

ஆசையாய் விரல்களை மடக்கிக்கொண்டு முதல் பெஞ்சுக்குப் போனேன். அங்கே நின்றவள் சாந்தி. அவள் அப்பா நிலத்தில்தான் என் அம்மா களை எடுத்தாள்.

“ஏய், அவங்கள தொடாத. பெஞ்சுல குட்டு. சத்தம் கேட்டா போதும்” என்றார் வாத்தியார்.

குட்டினேன். சாந்தி தலையைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, வலிக்குதே!” என்று நடித்தாள். வகுப்பே சிரித்தது, வாத்தியாரும்தான். அதன்பிறகு ஒவ்வொரு பெஞ்சிலும் அதே அலறல், அதே சிரிப்பு. கடைசி பெஞ்சுக்கு வந்தபோது என் முட்டித் தோல் உரிந்திருந்தது.

“தட்டுறத நிறுத்துடா!” என்று கத்திவிட்டேன்.

மகன் திகைத்துப் போய்ப் பார்த்தான்.

“இன்னாம்மா, மேசையத்தான தட்டிக்கினு இருந்தேன்? இதுல யாருக்கு வலிக்கப் போவுது?”