ஏழாவது வரிசை, பதினெட்டு

யாராவது தப்பான தகவல் சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்ததில் வந்த வியாதி. தாம்பரத்தில் எங்கள் தேவாலயத்தை ஆட்டோக்காரர்கள் இன்றும் 'இங்கிலீஷ் சர்ச்' என்றுதான் சொல்வார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. அங்கே இங்கிலாந்து ராணி வந்து ஜெபம் செய்தாள் என்று ஒரு பெரியவர் ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் கதை விடுவார். நானும் ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் எழுந்து மறுப்பேன். இந்த வருடம் சபையாருக்கு ஊரின் பழைய இடங்களைச் சுற்றிக்காட்டலாம் என்று பேச்சு வந்ததும், ஆயர் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை நடை. கப்பலில் வந்த மணி, சுவரில் பதித்த பித்தளைப் பலகைகள், ரயில்வே குடியிருப்பு, ஸ்டேஷன், கடைசியாகக் கல்லறைத் தோட்டம். வெள்ளைக்கார எஞ்சின் டிரைவர்களின் கல்லறைகளை எண் பிசகாமல் காட்ட வேண்டுமே என்று, வியாழக்கிழமை சர்ச் அலுவலகத்தில் உட்கார்ந்து அடக்கப் பதிவேடுகளைப் புரட்டினேன். பழையதை முடித்ததும் அப்பாவின் பெயரையும் பார்க்கலாம் என்று புதியதையும் எடுத்தேன்.

ஏழாவது வரிசை, பதினெட்டு என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில் பத்தொன்பது: பெயர் தெரியாத ஆண், ரயில்வே ஸ்டேஷனில் இறந்தவர், சபையே அடக்கம் செய்தது.

அப்பாவின் கல்லறை என்று நாங்கள் கறுப்புக் கிரானைட் பதித்திருப்பது பதினெட்டிலா, பத்தொன்பதிலா? சரித்திரம் படித்தவள், நான் இதுவரை இந்தப் பதிவேட்டைப் பார்த்ததே இல்லை.

அப்பாவை அடக்கம் செய்தது, பத்து வருடம் முன்பு ஊரை மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குச் சில நாட்கள் முன்பு. ஒரு மரச்சிலுவை நட்டுவிட்டு வந்தோம். வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது அந்த வரிசையில் ஒரு சிலுவைகூட இல்லை. எண் கற்களெல்லாம் சேற்றுக்குள் போயிருந்தன. இதுதான் அப்பாவின் இடம் என்று நான்தான் கை காட்டினேன். "அக்கா, இந்தப் பக்கம் இல்லையா?" என்று தம்பி இழுத்தான். "உனக்கென்ன தெரியும், சும்மா இரு" என்று அவன் வாயை அடைத்தேன். படித்த மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அம்மாவும் நம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். காவல்காரர் கடப்பாரையோடு வந்தார். "இன்னா மேடம், நம்பர் கல்லுதானே? எங்கயும் பூடல, உள்ளதான் கீது" என்று எங்கள் கிரானைட்டின் தலைமாட்டில் குத்திக் கிளறினார். கல் தட்டுப்பட்டது. மண்ணைக் கையால் துடைத்தேன். பத்தொன்பது.

பதினெட்டு பக்கத்தில்தான் இருந்தது. புல் மண்டிய ஒரு மேடு. பத்து வருடமாகக் கல்லறைத் திருநாளன்று கிரானைட்டுக்குப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று அம்மா பேப்பர் விரித்து உட்காரும் மேடு.

திங்கட்கிழமை அம்மாவுக்கு இதய ஆபரேஷன். வயது எழுபத்தெட்டு. எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு முன், சனிக்கிழமையே கல்லறைக்குப் போய் அப்பாவிடம் பேசிவிட்டு வரவேண்டும் என்று அம்மா கேட்டிருந்தாள். தனக்கு ஏதாவது ஆனால் அவர் குழியைத் திறந்து அதிலேயே தன்னை வைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. எங்கள் சபையில் அது வழக்கம்தான். சரியான குழியை நான் சத்தமில்லாமல் திறக்கச் சொல்லிவிடலாம். ஆனால் சனிக்கிழமை அவள் பேசப்போவது கடைசிப் பேச்சாக இருந்தால்? அதை யாரோ ஒருவரிடம் பேச விட்டுவிட்டு நான் வேடிக்கை பார்ப்பதா? சொன்னால் அவள் நெஞ்சு தாங்குமா?

சனிக்கிழமை முப்பது பேர் வந்திருந்தார்கள். எதைச் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. மணியின் வருடத்தைத் தப்பாகச் சொன்னேன், யாரும் திருத்தவில்லை. ராணி வந்த கதையைப் பெரியவர் ஆரம்பித்தபோது தலையை ஆட்டி வைத்தேன். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும்போது அம்மாவும் தம்பியும் ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்தார்கள். அம்மா கிரானைட்டின் மேல் மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டு, மேட்டில் பேப்பரை விரித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தை எஞ்சின் டிரைவர் கல்லறையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். "அம்மா, கொஞ்சம் இரு. பேசாதே" என்றேன். தம்பி என் முகத்தைப் பார்த்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சொல்லும்போதே அம்மாவின் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா கிரானைட்டைக் காட்டி, "அப்ப இங்க யாரு?" என்று கேட்டாள்.

"பேர் தெரியாதவரும்மா. ஸ்டேஷன்ல இறந்துபோனவர்."

"நான் உட்கார்ந்திருக்கிறது?"

"அப்பா."

அம்மா சட்டென்று எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பத்து வருஷமா உங்கப்பா மேலயே உட்கார்ந்துகிட்டு, வேற யார்கிட்டயோ பேசியிருக்கேன்" என்றாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. "ஊருக்கே சரித்திரம் சொல்றியேடி. இதைப் பார்க்கத் தெரியலையா உனக்கு?"

அம்மா என் கையை உதறிவிட்டு, பேப்பரை உருவிப் போட்டு, புல் மேலேயே உட்கார்ந்தாள். எங்கள் இருவரையும் தள்ளிப் போகச் சொன்னாள். என்ன பேசினாள் என்று தெரியாது. மல்லிகையை மட்டும் அவள் எடுக்கவில்லை. அது அந்த மனிதருக்கே இருந்துவிட்டது.

திங்கட்கிழமை ஆபரேஷன் தியேட்டர் வாசலில், படுத்தபடியே என்னைக் கூப்பிட்டாள். "நம்பர் என்ன சொன்னே?"

"ஏழாவது வரிசை, பதினெட்டு."

"எழுதிக் குடு."

மருந்துச் சீட்டின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். கையைத் தூரமாக நீட்டிப் படித்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தாள். "நீ வச்சுக்கோ. என்னை அடக்கம் பண்ற அன்னிக்கு அக்காவைக் கை காட்ட விடாதே" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். என் சமையலைத்தான் சாப்பிடுகிறாள். சீட்டு இன்னும் தம்பியின் பர்ஸில் இருக்கிறது.