பாட்டு நின்றது அப்பாவுக்குத் தெரியாது

அக்காவின் கல்யாண வரவேற்புக்கு என்ன பாட்டுப் போடுவது என்ற பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் மட்டும்தான் என்பது. எங்கள் வீட்டில் பட்டத்தின் மதிப்பு அப்படி. மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, மின்கட்டணம் தப்பாக வந்தால் போய்ச் சண்டை போடுவது எல்லாம் என் வேலை. அந்த வரிசையில் பாட்டும் வந்து சேர்ந்தது.

மைக் செட்காரர் முதலில் கேட்ட கேள்வி வயதைப் பற்றித்தான். "பெருசுங்க ஜாஸ்தியா, சிறுசுங்க ஜாஸ்தியாம்மா? ரெண்டு கூட்டத்தையும் ஒரே பாட்டுல உக்கார வைக்க முடியாது. ஒண்ணு எழுந்து போயிடும்."

நானும் விருந்தினர்களை வயதுவாரியாகப் பிரித்தேன். அத்தைக்கும் அவள் வயதுக்காரர்களுக்கும் பழைய பாட்டு. அக்காவோடு மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண்களுக்குப் புதுப் பாட்டு. அத்தை அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது வருகிற பாட்டெல்லாம் தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கிறது, அதைப் போட்டால் சாப்பிடாமலே கிளம்பிவிடுவேன் என்றாள். அவள் சாப்பிடாமல் கிளம்பியதாகச் சரித்திரமே இல்லை என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

அப்பாவையும் கேட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவிடம் பேசுவதென்றால் முதலில் அவர் தோளைத் தொட வேண்டும். அவர் திரும்பி நம் வாயைப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும்.

அப்பா நெசவாலையில் தறி ஓட்டுகிறவர். தன் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவர், இன்னும் போகிறார். தறிக்கூடத்தின் கதவைத் திறந்தால் சத்தம் முகத்தில் அறையும். உள்ளே யாரும் காதால் பேசுவதில்லை. உதட்டையும் கையையும் பார்த்துப் பேசுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்த பிறகும் அதே தொண்டையில் கத்திக் கத்திப் பேசுவார்கள். அப்பாவின் காது ஒரு நாளில் போகவில்லை. முதலில் கடிகாரத்தின் சத்தம் போனது, பிறகு கதவு தட்டுவது, பிறகு நாங்கள். மிஞ்சியது அவருடைய குரல்தான். அது எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலில் வந்த அன்று அம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர்கள் கேட்ட ஒவ்வொன்றையும், "உங்களைத்தாங்க கேக்கறாங்க, ஆலைக்கு எத்தனை மணிக்குப் போவீங்கன்னு" என்று அவர் முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள். அப்பா இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை. உங்கள் அப்பா அளந்து பேசுகிறவர் என்று மாப்பிள்ளை பிறகு அக்காவிடம் மெச்சிக்கொண்டாராம். அக்கா எங்களிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

காது கேட்கும் கருவி வாங்கிக்கொள்ளலாம் என்று நான் பல முறை சொல்லியிருக்கிறேன். கல்யாணம் முடியட்டும் என்பார். "செவிட்டு வீடுன்னு பேர் வந்துடும். நாளைக்குப் பொறக்கற பிள்ளைக்கும் வருமான்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தறிக்கூடத்தைக் காட்டிக்கிட்டா இருக்க முடியும்?" என்பார். படித்த பதில் என்னிடம் இருந்தது. ஆனால் கேட்கப்போவது நான் இல்லையே, அக்காவின் மாமியார் வீடு.

அதனால் அவரிடம் பாட்டைப் பற்றிக் கேட்டபோது, எந்தப் பாட்டு என்று அவர் சொல்லவில்லை. "எதுவா இருந்தாலும் நல்லா சத்தமா இருக்கட்டும்" என்றார். அன்று அம்மா வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து திருப்பிச் சொல்ல முடியாது. அதை அவர் யோசித்து வைத்திருந்தார். "சத்தமா இருந்தா அந்த மண்டபத்துல அத்தனை பேரும் செவிடுதான். என்னை மட்டும் எவனும் தனியாக் கண்டுபிடிக்க மாட்டான்."

அதே வாரம் மாப்பிள்ளை வழியாக ஒரு செய்தி வந்தது. அவருடைய அப்பாவுக்குச் சத்தம் ஆகாது, தலைவலி வந்துவிடும், பாட்டு மெதுவாகவே இருக்கட்டும் என்று. சம்பந்தி தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசும்போது நாம் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும், அவ்வளவு மெல்லிய குரல். எங்கள் வீட்டுக்கென்று பார்த்து வாய்த்த சம்பந்தி.

இரண்டு அப்பாக்களுக்கும் நடுவில் நான் செய்த ஏற்பாடு இதுதான். ஒலிபெருக்கிகள் எங்கள் பக்கம். சம்பந்தி வீட்டாரின் நாற்காலிகள் மண்டபத்தின் எதிர்க்கோடியில். முதலில் பெரியவர்களுக்கான பழைய பாட்டு, ஆனால் சத்தமாக. சாப்பாடு முடிந்த பிறகு சிறுசுகளின் பாட்டு. அப்பாவைப் பழைய பாட்டுக்காரர்களோடு சேர்த்ததில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் வயது அது.

வரவேற்பன்று தொடக்கத்தில் எல்லாம் அப்பா நினைத்தபடியே நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒருவர் காதில் ஒருவர் கத்தினார்கள். சம்பந்தியம்மாகூட அப்பாவின் முகத்துக்கு நேரே வந்து உரக்கப் பேசினாள். அப்பா சரியாகப் பதில் சொன்னார். தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பிறகு தன் ஆலை நண்பர் ஒருவரோடு நடுவரிசையில் போய் உட்கார்ந்தார். தறியில் நூலை இழுத்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடும் நாடாவைப் போல ஓரிடத்தில் நிற்காதவர் என்பதால் அந்த நண்பருக்கு நாடா என்றே பெயர். அவர் காதும் அப்பாவின் காது மாதிரிதான்.

ஒன்று மட்டும் உறுத்தியது. நான் தேடித் தேடி எடுத்த பழைய பாட்டுகளுக்கு அப்பா தலைகூட அசைக்கவில்லை. சுவரைப் பார்ப்பதுபோல ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

சம்பந்தி எழுந்து மைக் செட்காரரிடம் போவதைக் கவனித்தேன். நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஏதோ சொல்ல, மைக் செட்காரர் குறைப்பதற்குப் பதிலாகப் பாட்டையே நிறுத்திவிட்டார். மண்டபத்தில் இருந்தவர்கள் தாம் கத்திக்கொண்டிருப்பதை உணர்ந்து ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு பேர் மட்டும் நிறுத்தவில்லை.

"சம்பந்திக்கு இன்னும் தெரியாதுய்யா" என்று அப்பாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "இன்னிக்கு ஒரு நாள் தாண்டிட்டாப் போதும். காது சுத்தமாப் போச்சுன்னு அப்புறம் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது."

நான் அவரை நோக்கி நடந்தேன். நாற்காலிகளுக்கு நடுவில் வழியில்லை.

"மேடையில அவ பேசறதைப் பாக்கறேன். அவ பள்ளிக்கூடம் போறப்ப இருந்த குரல்தான் எனக்குள்ள இருக்கு. இப்ப அவ எப்படிப் பேசறான்னு எனக்குத் தெரியாதுய்யா. தெரியாமலே கட்டிக் குடுத்துட்டேன்."

"நீயாச்சும் பரவால்ல, எனக்கு என் பொண்டாட்டி திட்டறதே கேக்கறதில்ல. அதுல ஒரு நிம்மதி" என்று நாடாவும் அதே சத்தத்தில் பதில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மேடையில் அக்கா அப்படியே நின்றாள். புகைப்படக்காரர் கேமராவைத் தாழ்த்தினார்.

சம்பந்தி மைக் செட்டின் பக்கத்திலேயே நின்றிருந்தார். நெற்றியிலிருந்து கையை எடுத்தார். அவர் குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. "போடுப்பா. சத்தமாவே போடு."

மைக் செட்காரர் கைக்கு வந்ததைப் போட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு வர வேண்டிய பாட்டு, அத்தையின் தகர டப்பாப் பாட்டு. நாற்காலிகள் அதிர்ந்தன. பேச்சை நிறுத்திய அப்பா நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நாடாவின் தொடையில் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார். அன்றைக்கு அவருக்குக் கேட்ட முதல் பாட்டு அதுதான். சம்பந்தி தன் நாற்காலிக்குத் திரும்பி, அது முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டில் எல்லாரும் அதன்பிறகு அவர் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். "பேசற ஆளைப் பாத்துப் பேசறாங்க. மரியாதை தெரிஞ்ச குடும்பம்" என்று அப்பா பெருமைப்பட்டார். நான் கருவியைப் பற்றி மறுபடி எடுத்தேன். "இப்ப எதுக்கு? யாருக்கும்தான் தெரியலையே" என்றார். அவர் அவர்களிடம் மறைத்ததை நாங்கள் அவரிடம் மறைத்துக்கொண்டிருந்தோம். எங்களுடையது அன்பு, அவருடையது பயம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அக்கா தொலைபேசியில் அழைத்தால் அவர் வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா வந்தாள். அப்பா வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, நிதானமாகச் சொன்னாள். "என் குரல் இப்ப எப்படி இருக்குன்னு கேக்க வேணாமாப்பா?"

அப்பா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைக்கவில்லை. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அன்னிக்குப் பாட்டு நின்னுடுச்சா?"

அக்கா தலையாட்டினாள்.

"சம்பந்தி கேட்டுட்டாரா?"

"அவர்தாம்பா திரும்பச் சத்தமாப் போடச் சொன்னாரு."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பிறகு எழுந்து, தெருவுக்கே கேட்கும்படி என்னிடம் சொன்னார். "அந்தச் சட்டையை எடும்மா. காது டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?"